கொள்ளு காய்ந்த வளைவு

கொள்ளின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, மேடம். வாரத்துக்கு இரண்டு நாளாவது எங்கள் வீட்டில் கொள்ளு ரசம் உண்டு. பனிக்காலத்தில் துவையலும் அரைப்பார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் ஸ்டேஷனில் நுழைந்ததிலிருந்து கொள்ளு, கொள்ளு என்று ஆளாளுக்கு அதைக் கரித்துக் கொட்டுகிறார்கள். வாசலில் நிற்கும் ஏட்டு, ரோட்டில் பயறு காயப்போடுகிறவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டால்தான் புத்தி வரும் என்று நீங்கள் பிடித்து உட்காரவைத்திருக்கிற செல்லம்மாள் காதில் விழும்படியே சொன்னார். பயறு பாவம், அது என்ன செய்யும்.

நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். நான் எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவன். நடுவில் நிறுத்தாமல் கேட்டால் எனக்கும் வசதி, எழுதுகிற தம்பிக்கும் வசதி.

என் பெயர் தமிழ்மணி. தருமபுரி நாலு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என்னுடைய சைக்கிள் கடை. அப்பா காலத்தில் அது பஞ்சர் ஒட்டுகிற கடை. நான் தலையெடுத்த பிறகுதான் கண்ணாடிக் கதவு, ஏ.சி., கியர் வைத்த வண்டிகள் எல்லாம் வந்தன. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவை ஆரம்பித்ததும் நான்தான். இந்த ஊரில் மிதிப்பது என்றால் என்னவென்று ஒருத்தருக்கும் தெரியாது. காய்கறி மூட்டை ஏற்றுகிறவனும் பால்காரனும் மிதிப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் குழுவினரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டாக்டர், வக்கீல், மனை போட்டு விற்கிறவர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர். வாரம் முழுக்க பரோட்டாவும் ஏ.சி. ரூமுமாக இருந்துவிட்டு ஞாயிறு விடியற்காலையில் உடம்பை இறுக்கிப் பிடிக்கிற சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். சட்டை ஒரு பக்கம் போகும், வயிறு ஒரு பக்கம் போகும். நல்லம்பள்ளி தாண்டுவதற்குள் பாதிப் பேருக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆனால் போட்டோவில் பார்த்தால் இமயமலை ஏறி வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். மனை விற்கிற அருண்குமார் என் கடையிலேயே உயர்ந்த வண்டியை வாங்கினார். அதில் எத்தனை கியர் இருக்கிறது என்று இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பார். இந்தக் கூட்டத்தை ரோட்டில் நேராகப் போகவைத்தவன் நான்.

எப்படி என்று கேட்டால், கை ஜாடை. வரிசையில் போகும்போது பின்னால் வருகிறவன் ரோட்டைப் பார்க்கக் கூடாது. முன்னால் போகிறவனின் கையைத்தான் பார்க்க வேண்டும். கை கீழே நீண்டால் குழி இருக்கிறது. மூடிய கை மேலே போனால் நிறுத்து. விரித்த கையை முன்னால் வீசினால் பாதை சுத்தம், பிரேக்கைத் தொடாமல் விடலாம். இதை நான் அவர்களுக்குப் பச்சைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் பச்சைக் குழந்தைகள் மாதிரியே நம்பினார்கள். இப்படி என் கைக்குப் பின்னால் அத்தனை பேர் வருவார்கள். அது ஒரு பொறுப்பு. அதை நான் என்றைக்கும் பெருமையாக நினைத்ததில்லை.

மாதவராஜ் போன வருஷம் ஆடி மாதம் எங்களோடு சேர்ந்தான். மாரண்டஹள்ளிக்காரன். இங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவி அம்பிகா, ஒரு பெண் குழந்தை. வண்டியை என் கடையில்தான் வாங்கினான். பேரம் பேசவே இல்லை. பேரம் பேசாதவனை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன்.

நல்லவன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் நல்லவனாக இருப்பதிலும் ஒரு அளவு வேண்டாமா. முதல் ஞாயிற்றுக்கிழமையே அவன் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டான். டாக்டர் நிர்மலா எப்போதும் கடைசியில்தான் வருவார், மூச்சு வாங்கிக்கொண்டு. இவன் அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே மிதித்தான். மேட்டில் அவர் இறங்கித் தள்ளினால் இவனும் இறங்கித் தள்ளினான். வழியில் யார் வயலில் நின்றாலும் வண்டியை நிறுத்தி, என்ன போட்டிருக்கீங்க, தண்ணி பத்துதா என்று விசாரிப்பான். கொஞ்ச நாளில் என் குழு சைக்கிள் குழுவாக இல்லை, கல்யாண வீட்டுக்குப் போகிற கூட்டமாக ஆகிவிட்டது.

பின்தங்குவது என்கிற பேச்சே குழுவில் இல்லாமல் போய்விட்டது, மேடம். யாரும் பின்தங்காத இடத்தில் முன்னால் போகிறவனுக்கு என்ன வேலை? இதைச் சொன்னால் பொறாமை என்பீர்கள். அருண்குமாரும் அப்படித்தான் யாரிடமோ சொன்னாராம். பொறாமைப்படுவதற்கு அவனிடம் என்ன இருந்தது? வாடகை வீடு, ஸ்கூட்டர், வாத்தியார் சம்பளம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேடு ஏறும்போது அவன் என்னை முந்தியதே இல்லை. சில நாள் கடைசியிலிருந்து எழும்பி எல்லோரையும் தாண்டி வந்து என் பின்சக்கரத்தை ஒட்டி நின்றுகொள்வான். எனக்கு மூச்சு இரைக்கும். அவன் மூச்சு தூங்குகிறவன் மூச்சு மாதிரி நிதானமாகக் கேட்கும். மெல்ல ஒரு மிதி மிதித்தால் தாண்டிவிடலாம். தாண்ட மாட்டான். உச்சியில் நான் கால் ஊன்றினதும், "சூப்பருங்கணா, இந்த வயசுல" என்பான். முந்தியிருந்தால்கூட மன்னித்துத் தொலைத்திருப்பேன்.

குடியரசு தினத்தன்று ஒகேனக்கல் வரைக்கும் குழுவாகப் போவது எங்கள் வழக்கம். முன்னால் போகிறவனின் வண்டியில் கொடி கட்டியிருக்கும். பென்னாகரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டோரம் நின்று கை தட்டுவார்கள். வருஷா வருஷம் அந்தக் கொடி என் வண்டியில்தான். இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு டாக்டர் நிர்மலா குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். தமிழ்மணி அண்ணன் ரொம்ப உழைத்துவிட்டார், இந்தத் தடவை மாதவராஜ் சார் முன்னால் போகட்டும் என்று. அடுத்த நிமிஷமே கட்டைவிரல் படங்கள் வரிசையாக விழுந்தன. குழிக்கும் மணலுக்கும் நான் ஜாடை சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த கைகளின் கட்டைவிரல்கள் அவை.

அருண்குமார் போன் செய்தார். "அண்ணா, உங்களுக்கும் வயசாவுதில்ல? கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன். பின்னாடி ஜாலியா பேசிக்கிட்டு வரலாம்" என்றார். சரி என்றேன். எனக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஒரு கொடி, ஒரு கம்பி. நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாதவராஜ் கடைக்கு வந்தான். அவன் பெண்ணும் கூட வந்திருந்தது. மூன்று சக்கர வண்டி ஒன்றின் மணியை அடித்துக்கொண்டே இருந்தது. அவன் என் எதிரே உட்காராமல் நின்றபடியே பேசினான்.

"ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒகேனக்கல் போறதுக்கு நீங்கதான் முன்னாடி போவணும். நான் டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன், எனக்கு வேணாம்னு. அவங்களும் சரின்னுட்டாங்க."

"உங்களுக்குத்தானே எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க, வாத்தியாரே?"

"அவங்க விளையாட்டுக்குப் போட்டாங்க. நீங்க இல்லாம குழு ஏதுங்கணா. எனக்குப் பின்னாடி வர்றதுதான் புடிச்சிருக்குது."

அந்தப் பெண்ணுக்கு ஒரு மணியைக் கழற்றி இனாமாகக் கொடுத்து அனுப்பினேன். கண்ணாடிக் கதவு மூடியதும் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீங்கள் யோசித்துப் பாருங்கள். நான் ஆரம்பித்த குழு, நான் சொல்லிக்கொடுத்த ஜாடை, என் கடை வண்டிகள். அதில் என்னுடைய இடத்தை எனக்கே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான் ஒருத்தன், மீந்துபோன சோற்றை இலையில் வைக்கிற மாதிரி. அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டும். சொன்னேன். நன்றி என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

மறுநாள் ஞாயிறு வத்தல்மலைக்குப் போவதாக முன்பே பேச்சு. மலை ரோட்டில் போவதற்கு முந்தின நாள் நான் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வருவது உண்டு. கல் சரிந்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று. அது தலைவனின் கடமை. அன்றைக்கும் போனேன். உண்மையைச் சொல்கிறேன், போகும்போது என் மனசில் ஒன்றுமே இல்லை.

மலை இறங்கி முடிகிற இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. இடது கைப் பக்கம் பாறை மறைக்கும், வளைந்த பிறகுதான் எதிரே என்ன இருக்கிறது என்று தெரியும். மேலேயிருந்து வருகிற வண்டி அங்கேதான் முழு வேகத்தில் இருக்கும். வளைவைத் தாண்டினால் நேரான ரோடு, இரண்டு பக்கமும் கொள்ளுக் காடு. அந்த நேர் ரோட்டில்தான் செல்லம்மாளும் அவள் புருஷன் சென்றாயனும் அறுத்த கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். சாயங்காலம் ஆனதால் வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் தை மாதம் எந்த ரோட்டில் போனாலும் இதைப் பார்க்கலாம். காலையில் வெயில் ஏறினதும் ரோட்டில் பரப்புவார்கள், ஓரத்தில் கல்லை அடுக்கி வைப்பார்கள். பஸ்ஸும் காரும் மேலே ஏறிப் போனால் காய் வெடித்துப் பயறு தனியாகக் கழன்றுவிடும். மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ரோட்டில் கொள்ளு கிடந்தால் நம் ஊர்க்காரன் தானாகவே வண்டியை மெதுவாக்கி, ஓரத்தில் விட்டிருக்கிற ஒற்றையடி இடத்தில் போய்விடுவான். யாரும் யாரையும் திட்டுவதில்லை.

நான் வண்டியை நிறுத்தி, விளைச்சல் எப்படி என்று கேட்டேன். மாதவராஜ் கேட்கிற மாதிரியே கேட்டேன். கேட்டுப் பார்த்தால் அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

"ஏதோ பரவால்லீங்க" என்றாள் செல்லம்மாள். "ஆனா களம் இல்லீங்க. இருந்த களத்துல கொழுந்தன் வூடு கட்டிட்டான். ரோடுதாங்க எங்களுக்குக் களம். இங்க வர்ற வண்டிங்க ஓரமாவே ஒதுங்கிப் போயிடுதுங்க. ரெண்டு நாளா காய் வெடிக்கவே இல்ல."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் ஒரு குறையைச் சொன்னாள், நான் ஒரு வழி சொன்னேன்.

"நேர் ரோட்டுல போட்டா ஒதுங்கத்தான் செய்வாங்க. அந்த வளைவுல போடுங்க. பஸ்ஸு திரும்பறப்ப ஒதுங்க முடியாது. சக்கரம் நல்லா அரைச்சு விட்டுரும். காலையிலேர்ந்து வெயிலும் அங்கதான் விழுது."

சென்றாயன் தலையைச் சொறிந்தான். "வளவுலங்களா? யாராவது வுழுந்துட்டா?"

"இந்த ரோட்டுல யாரு வேகமா வர்றாங்க? எல்லாரும் நம்ம ஆளுங்கதான். கொள்ளு கிடந்தா தெரியாதா?"

படித்தவர் மாதிரி இருக்கிறவர் சொன்னால் நம் ஜனங்களுக்கு அதற்கு மேல் யோசனை ஓடாது. அன்றைக்கே குவியலை வளைவு ஓரத்துக்கு மாற்றித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கல்லையெல்லாம் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. சென்றாயனுக்கு இடுப்பு வலி என்றாள் அந்த அம்மா. நான் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தூக்கினேன். பெரிய கல்லை வெளிப்பக்கம் வைக்கச் சொன்னேன். வேகமாக வருகிறவன் தள்ளப்படுவது வெளிப்பக்கம்தான், சைக்கிள் விற்கிற எனக்கு இது தெரியாதா. உள்பக்கம் பாறையை ஒட்டி ஒற்றையடி இடம் விடச் சொன்னேன். செல்லம்மாள் எனக்குச் சொம்பில் மோர் கொடுத்தாள். புளிப்பு. குடித்தேன்.

ஞாயிறு காலையில் நாங்கள் மலை ஏறும்போது பனி மூடியிருந்தது. வளைவு சுத்தமாக இருந்தது. ஓரத்தில் தார்ப்பாய் மூடிய குவியல் ஒன்று. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே போனதும் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். வெயில் வரட்டும் என்று நானும் அவசரப்படவில்லை. குழுப் படம் எடுக்கலாம் என்றேன். இந்தக் கூட்டத்திடம் படம் என்று சொன்னால் போதும், அரை நாள் ஓடிவிடும். டாக்டருக்குத் தலை கலைந்திருந்தது, அருண்குமாருக்கு வெளிச்சம் போதவில்லை, இன்னொருவருக்குக் கறுப்புக் கண்ணாடி கிடைக்கவில்லை. பனி கலைந்து நல்ல வெயில் அடித்த பிறகுதான் அவர்களுக்குத் திருப்தி வந்தது.

மாதவராஜைக் கூப்பிட்டேன். "வாத்தியாரே, நீங்க ஏறுறீங்க, ஆனா இறக்கத்துல பயப்படறீங்க. இன்னிக்கு ரெண்டாவதா என் பின்னாடியே வாங்க. ரோட்டைப் பாக்காதீங்க, என் கையை மட்டும் பாருங்க."

"டாக்டரம்மா தனியா வருவாங்களேணா?"

"அவங்க மெதுவாத்தான் வருவாங்க. கூட அருண் வர்றாரு."

அவனுக்கு அதில் சந்தோஷம் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் அவனை என்னோடு சேர்த்துக்கொண்டேன் என்று நினைத்துவிட்டான். வாத்தியார் வேலைக்கு எப்படித்தான் இப்படிப்பட்டவர்களை எடுக்கிறார்களோ.

மற்றவர்களை இடைவெளி விட்டு வரச் சொல்லிவிட்டு இறங்கினேன். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் அவனுக்குச் சரியான ஜாடைதான் காட்டினேன். குழிக்குக் குழி, மணலுக்கு மணல். ஒன்றில்கூடத் தப்பில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் பிரேக்கிலிருந்து விரலை எடுத்திருந்தான். நன்றாகக் கற்றுக்கொண்டான். அடிவாரத்து வளைவு வந்தது. பாறைக்குக் கொஞ்சம் முன்னால் விரித்த கையை முன்னால் வீசினேன். பாதை சுத்தம். உடனே நான் வேகத்தைக் குறைத்துப் பாறையை ஒட்டி உள்பக்கம் ஒதுங்கினேன். அவன் அந்த வேகத்திலேயே வளைவுக்குள் போனான்.

ஒரு கத்தல்கூட இல்லை. காய்ந்த செடி நொறுங்குகிற சத்தம், பிறகு இரும்பு கல்லில் மோதுகிற சத்தம், அவ்வளவுதான். ரோட்டு சைக்கிளின் டயர் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். உருண்டைப் பயறு மேல் அது நிற்காது. வெளிப்பக்கத்துக் கல் அவனைத் தூக்கிப் போட்டிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. ஹேண்டில்பாரின் முனை தொடை இடுக்கில் ஏறியிருந்தது, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. செல்லம்மாளும் சென்றாயனும் பரப்பிவிட்டு அடுத்த சுமை எடுக்கக் காட்டுக்குள் போயிருந்தார்கள். ரோட்டில் நானும் அவனும்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் நினைத்தது ஒரு கை எலும்பு. ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பான், குடியரசு தினம் போய்விடும், குழு பழையபடி ஆகிவிடும். ரத்தத்தை நான் நினைக்கவே இல்லை. அது அவனாக விழுந்த விதம்.

அவனுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தான். என் கையைத்தான் பார்த்தான் என்று இப்போது நீங்கள் நினைப்பீர்கள், இல்லை, முகத்தைத்தான் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "ணா, பின்னாடி டாக்டரம்மா வர்றாங்க. வழுக்கும். கை காட்டி நிறுத்துங்க" என்றான்.

அந்த நிலையிலும் அவனுக்குக் கடைசியில் வருகிறவர்களைப் பற்றித்தான் கவலை. பாருங்கள், எனக்கு உத்தரவு போடுகிறான். தலைவன் மாதிரி.

ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் வளைவுக்கு மேலே ஏறிப்போய் நடு ரோட்டில் நின்று மூடிய கையைத் தூக்கினேன். வரிசையாக வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் நின்றார்கள். என் வாழ்க்கையில் அவர்கள் அவ்வளவு அழகாக நின்று நான் பார்த்ததில்லை.

"என்னாச்சுங்கணா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. வாத்தியார் வண்டில செயின் கழண்டுக்கிச்சு. மாட்டிக்கிட்டு இருக்காரு. நீங்க தண்ணி குடிங்க."

தண்ணீர் குடித்தார்கள். அருண்குமார் கடலை உருண்டைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார். எனக்கும் ஒன்று கொடுத்தார். டாக்டர் இரண்டு தரம் போய்ப் பார்க்கட்டுமா என்றார். அங்க வேலை நடக்குதுங்க, கூட்டம் போட்டா அவருக்குக் கூச்சமா இருக்கும் என்றேன். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஆமாம், அவர் கூச்சப்படுவார் என்று ஒருவர் சொன்னார். பாறைக்கு முதுகைக் கொடுத்து நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கமிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

செல்லம்மாள்தான் கெடுத்தாள். கொள்ளுச் சுமையோடு காட்டிலிருந்து ஏறி வந்தவள் அவனைப் பார்த்து, சுமையை அப்படியே போட்டுவிட்டு, தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்து அவன் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டு கத்தினாள். அந்தக் கத்தலுக்கு டாக்டர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். நான் வழிவிட்டேன். தடுக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் துணியை முதலிலேயே யாராவது கட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதார். குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் அவர், சீக்கிரம் அழுதுவிடுவார்.

பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. ரோட்டில் கொள்ளுப் போட்டு ஆளைக் கொன்றதாகச் செல்லம்மாளையும் சென்றாயனையும் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். குழுவில் எல்லோரும் என் சமயோசிதத்தைப் பாராட்டினார்கள். நான் நின்று கை காட்டாவிட்டால் இன்னும் நாலு பேர் விழுந்திருப்பார்களாம். செயின் என்று சொன்னதைக்கூட, பாவம், யாரும் பயந்துவிடக் கூடாது என்று சொன்னார் என்றார்கள். முட்டாள்களோடு பழகுவதில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு.

காரியம் முடிந்த மறுநாள் அம்பிகா கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். "கடைசி நேரத்துல அவரு தனியா இல்ல, நீங்க கூட இருந்தீங்கன்னு சொன்னாங்க. எனக்கு அது போதுங்கணா" என்றாள். இருந்தேம்மா என்றேன். அது பொய் இல்லை. கூப்பிடு தூரத்தில்தானே இருந்தேன்.

என்னை நீங்கள் கண்டுபிடித்தது உங்கள் சாமர்த்தியம் இல்லை, மேடம், மன்னிக்க வேண்டும். சாட்சி சொல்ல வந்த என்னைப் பார்த்ததும் அந்தச் செல்லம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "இந்த அண்ணன் நல்லவருங்க. எங்களுக்காவக் கல்லெல்லாம் தூக்கிக் குடுத்தாரு. எங்களப் பத்தி இவர கேளுங்க" என்று உங்களிடம் சொன்னாள். தங்களைக் காப்பாற்றுகிற சாட்சியாக என்னை நினைத்துச் சொன்னாள். வளைவில் போடச் சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, நாங்களாகத்தான் போட்டோம் என்றிருக்கிறாள். நல்லது செய்ய வந்த மனுஷனைக் கேஸில் இழுத்துவிடக் கூடாதாம். நன்றி காட்டுகிறேன் என்று ஆளைக் கவிழ்ப்பது இவர்களால்தான் முடியும். அதற்குப் பிறகு, என்ன கல், எப்போது தூக்கினீர்கள் என்று நீங்கள் கேட்டீர்கள்.

கல் தூக்கிக் கொடுத்தது குற்றமில்லை. ஒரு வயதான பெண்ணுக்கு உதவினேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். வக்கீல் எங்கள் குழுவிலேயே இருக்கிறார். அவர் இன்றைக்குக் காலையில்கூட வாயைத் திறக்காதீங்கணா என்றுதான் சொன்னார். நான் கை காட்டியதைப் பார்த்தவன் ஒருத்தன்தான், அவனும் இல்லை. அந்த அம்மா மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவள் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அடுத்த தையில் யாராவது ஒருவர் அதே ரோட்டில் கொள்ளுப் போடத்தான் போகிறார்கள்.

நான் வாயைத் திறந்ததற்கு நீங்கள் உங்கள் மேஜை மேல் வைத்திருக்கிற பேப்பர்தான் காரணம். வெளியே காத்திருந்தபோது பெஞ்சில் கிடந்த அதே பேப்பரைப் படித்தேன். நான் கை காட்டினேன், அவன் நம்பி வந்தான், விழுந்தான், டாக்டரை நான் நிறுத்திவைத்தேன், அவன் செத்தான். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. எங்கே கையெழுத்து வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். தூக்கோ ஆயுளோ, அது உங்கள் பாடு. ஆனால் அந்தப் பேப்பர்காரன், சைக்கிள் குழுவுக்குத் தலைமை தாங்கி முன்னால் சென்ற ஆசிரியர் பலி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். ஊரே அதைத்தான் படித்திருக்கும். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள், மேடம். நான்தான் முன்னால் போனேன். அந்த வளைவு வரைக்கும் அவன் எனக்குப் பின்னால்தான் வந்தான்.